ஏடும் அடுக்களையும்

சமையல் நூல் இல்லத்தில் சமைப்போர்க்குப் பயன்படுமா? கைப்பழக்கமே போதும் என்பார் பலர். ஆயினும், நூல்நெறி வழுவாது சமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. நல்லியக்கோடன் அளித்த விருந்து, விசயனின் தமையனாகிய வீமன் இயற்றிய நூலின்படி சமைக்கப்பட்டதெனச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. அஃது அரண்மனை அடுக்களை. எளியோர் இல்லத்திலோ தாயே நூலாக விளங்கினாள்.

அத்தாய் அருகில் இல்லையெனில் என் செய்வது? மணமுடித்து வேற்றூர் சென்ற உறவுப் பெண்கள், சென்னையில் வாழ்ந்த மீனாட்சி அம்மாளிடம் செய்முறை கேட்டு எழுதலாயினர். அத்தேவையே 1951இல் 'சமைத்துப் பார்' என்னும் நூலாக மலர்ந்தது. மறு ஆண்டிலேயே சிங்கப்பூரில் எலிஸ் ஹேண்டி அம்மையார், தாம் தலைமை வகித்த மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் நிதிக்காக, இங்கு வாழும் பல்லினத்தார் உணவு வகைகளையும் ஒரே நூலில் தொகுத்து வழங்கினார்.

நூல் அளவைச் சொல்லும். பதத்தைக் கையே அறியும். எனவே, நூல் தாய்க்கு ஈடாகாது. தாயில்லா இடத்தில் துணையாகும். மாணவர்களே! உங்கள் இல்லத்து முதியோரின் செய்முறைகளை அளவோடு கேட்டு எழுதி வையுங்கள். எழுதப்படாத சுவை ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும்.