எங்கள் பணம், எங்கள் கணக்கு: ராஜஸ்தான் கிராமங்கள் நடத்திய தகவல் உரிமைப் போராட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2005-ம் ஆண்டும் டெல்லி நாடாளுமன்றமும்தான். சட்டம் நிறைவேறியது அங்கே என்பது சரி. ஆனால் அந்தச் சட்டத்துக்கான கோரிக்கை எழுந்தது, பள்ளிக்கூடம் பக்கமே போகாத கூலித் தொழிலாளர்கள் வாழும் ஒரு வறண்ட மலைப்பகுதியில். ஒரு குளத்து வேலைக்குக் கூலி எவ்வளவு, அதை யார் பெயரில் யார் எடுத்தார்கள் என்ற மிகச் சிறிய கேள்வியிலிருந்து அது தொடங்கியது. ஊர்க் காரியங்களில் அக்கறை உள்ளவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது. தமிழில் இது பற்றி விரிவாகப் பேசப்படுவது குறைவு என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தேவ்துங்கிரி

ராஜஸ்தானில் அஜ்மீர், பாலி, ராஜ்சமந்த், பில்வாரா மாவட்டங்கள் முன்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த பகுதியில், பீம் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது தேவ்துங்கிரி கிராமம். ஆரவல்லி மலைத்தொடரின் கல்லும் முள்ளும் நிறைந்த நிலம். மழை பொய்த்தால் விவசாயம் இல்லை. ஆண்கள் குஜராத்துக்கும் பிற நகரங்களுக்கும் பிழைக்கப் போய்விடுவார்கள். ஊரில் இருக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அரசின் வறட்சி நிவாரண வேலைதான் கதி. குளம் வெட்டுவது, சாலைக்குக் கல் உடைப்பது, தடுப்பணை கட்டுவது போன்ற வேலைகள் அவை.

(வாசகர்களுக்கு ஒரு துணைச் செய்தி: இந்த வட்டாரத்தின் பெரிய ஊரான பியாவரைச் சுற்றித்தான் மெஹ்ராத் சமூகத்தினர் வாழ்கிறார்கள். கத்னா செய்வது, ஹலால் இறைச்சி உண்பது, இறந்தவரை அடக்கம் செய்வது ஆகிய மூன்றையும் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தபடியே, மற்ற பல வழக்கங்களில் தங்கள் ஹிந்து உறவினர்களான ராவத்துகளைப் போலவே வாழ்ந்துவந்தவர்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

1987-ல் இந்தக் கிராமத்தின் ஒரு மண் வீட்டில் மூன்று பேர் வந்து குடியேறினார்கள். ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை எழுபதுகளின் நடுவில் துறந்தவர். இன்னொருவர் நிகில் தே. மூன்றாமவர் சங்கர் சிங், அதே வட்டாரத்துக்காரர். பொம்மலாட்டமும் நையாண்டிப் பாட்டும் அவருக்குக் கைவந்த கலை. பின்னாளில் இந்த இயக்கத்தின் கூட்டங்களுக்கு மக்கள் திரண்டதில் அந்தப் பொம்மைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தொண்டு நிறுவனம் தொடங்கும் எண்ணம் இவர்களுக்கு இல்லை. ஊர்க்காரர்களைப் போலவே உண்டு, அவர்களைப் போலவே வாழ்ந்து, அவர்களுடைய பிரச்சினைகளில் உடன் நின்றார்கள். ஒரு கிராமத்தில் ஆதிக்கக்காரர் கையில் இருந்த பொது நிலத்தை மீட்கும் போராட்டம் முதலில் வந்தது. அதற்கு அடுத்து வந்தது கூலிப் பிரச்சினை. 1990 மே 1 அன்று பீம் நகரில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் (தொழிலாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு) முறைப்படி தொடங்கப்பட்டது. இது அரசியல் கட்சி அல்ல. நிறுவனங்களிடமிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நன்கொடை பெறுவதில்லை என்பது அதன் கொள்கை. முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலி அளவுக்கே ஊதியம் எடுத்துக்கொண்டார்கள்.

கூலியிலிருந்து கணக்குக்கு

நிவாரண வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே தீர்ப்பளித்திருந்தது. அந்த வழக்கும் ராஜஸ்தானிலிருந்து சென்றதுதான். ஆனால் தீர்ப்பு டெல்லியில் இருந்தது. கூலி கொடுப்பவர் ஊரில் இருந்தார். நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, "நீங்கள் வெட்டிய மண் அளவுக்குக் குறைவு, ஆகவே கூலியும் குறைவு" என்று சொல்லிவிடுவார்கள். அளந்தது யார், எவ்வளவு அளந்தார் என்பது அளவைப் புத்தகத்தில் இருக்கும். அதைக் காட்டச் சொன்னால், அது அரசாங்க ஆவணம், ரகசியம் என்பார்கள்.

1990-லும் 1991-லும் பீமில் உண்ணாவிரதம் நடந்தது. ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் வாதம் ஒரே இடத்தில் வந்து முட்டியது. தொழிலாளி தான் வேலை செய்ததாகச் சொல்கிறார், அதிகாரி இல்லை என்கிறார், இருவரில் யார் சொல்வது உண்மை என்பதற்கான சான்று அதிகாரியின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் காகிதம் வெளியே வராமல் கூலி வராது என்று முதலில் உணர்ந்தவர்கள் அந்தத் தொழிலாளர்களே. தகவல் உரிமை என்பது படித்தவர்களின் பேச்சுரிமை சார்ந்த விவகாரம் என்று அதுவரை இருந்த எண்ணம் இங்கேதான் உடைந்தது.

இந்த வாதத்தை நாட்டுப்புறப் பெண் ஒருவர் டெல்லிப் பத்திரிகையாளர்களிடம் எளிமையாக விளக்கினார் என்பார்கள். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன்; என் பெயரில் கோடிக்கணக்கில் செலவு செய்யும் அரசிடம் கேட்கக் கூடாதா என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். "ஹமாரா பைசா, ஹமாரா ஹிஸாப்" (எங்கள் பணம், எங்கள் கணக்கு) என்ற முழக்கம் இயக்கத்தின் அடையாளமானது. ஹிஸாப் என்ற சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜன் சுன்வாய்

1994 டிசம்பர் 2 அன்று, பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. அதன் முறையைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். பின்னர் வந்த சமூகத் தணிக்கைக்கெல்லாம் இதுவே தாய்.

முதலில் ஒரு பணியின் ஆவணங்கள் திரட்டப்பட்டன: வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலான மஸ்டர் ரோல், பொருள் வாங்கிய பில்கள், வவுச்சர்கள், பணி முடிந்ததற்கான சான்று. அப்போது சட்டம் எதுவும் இல்லாததால், மனசாட்சியுள்ள ஓர் அதிகாரியின் ஒத்துழைப்பால்தான் இவை கிடைத்தன. அடுத்து, அந்தக் காகிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று சரிபார்த்தார்கள். "உங்கள் பெயர் இந்த வேலையில் இருக்கிறது, நீங்கள் போனீர்களா? எத்தனை நாள்? எவ்வளவு கிடைத்தது?" இப்படிப் பல நாள் வேலை. கடைசியில் ஊர் நடுவில் பந்தல் போட்டு, வெளியூரிலிருந்து வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்களை நடுவர்களாக அமர வைத்து, ஆவணங்கள் உரக்க வாசிக்கப்பட்டன. ஊராட்சித் தலைவரும் அதிகாரிகளும் அழைக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு.

கூலி பெற்றவர்கள் பட்டியலில் வேலைத்தளத்தையே பார்க்காதவர்கள் இருந்தார்கள். வட்டாரத்தின் பிற கூட்டங்களில் இறந்துபோனவர்களின் பெயரும், ஊரைவிட்டே போனவர்களின் பெயரும் வந்தன. கோட் கிரானாவில் கிராம வருவாய் அலுவலரான பட்வாரியின் அலுவலகம் கட்டி முடிக்கப்பட்டதாகச் சான்று இருந்தது. அந்தக் கட்டடத்துக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. இதை நிரூபிக்க நிபுணர் எவரும் தேவைப்படவில்லை. ஊரார் அனைவரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கட்டடம்தானே!

அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களில் விசாரணைகள் தொடர்ந்தன. எதிர்ப்பும் வந்தது. ஊராட்சிச் செயலர்களான கிராம சேவகர்கள், ஆவணங்களைப் பொதுமக்களுக்குக் காட்ட மாட்டோம், அரசுத் தணிக்கைக்கு மட்டுமே கட்டுப்படுவோம் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேசிய ஒரு விதவைப் பெண் மறுநாள் ரேஷன் கார்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதே செயலரிடம்தான் போய் நிற்க வேண்டும். அந்த நிலையில் "இது என் கைநாட்டு இல்லை" என்று ஊர் முன்னிலையில் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, கிராமத்தில் வாழ்ந்தவர்கள்தான் அறிவார்கள். நம் பார்வையில் இந்த வரலாற்றின் நாயகர்கள் அவர்களே. புத்தகங்களில் அவர்கள் பெயர் இல்லை.

40 நாள், 53 நாள்

விஷயம் தலைநகர் ஜெய்ப்பூரை எட்டியது. 1995 ஏப்ரலில் அன்றைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவணங்களை மக்கள் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டு ஆகியும் அதற்கான ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரின் சாங் கேட் பகுதியில் தர்ணா தொடங்கியது. உடனே அரசு ஓர் ஆணை வெளியிட்டது: ஆவணங்களைப் பார்க்கலாம், நகல் எடுக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளி வெறுமனே பார்த்து என்ன செய்வார்? தர்ணா 40 நாள் நீடித்தது. நகரத்துக் காய்கறி வியாபாரிகளும் சாதாரண மக்களும் உணவுப் பொருளும் பணமும் கொடுத்து உதவினார்கள்.

1997-ல் ஜெய்ப்பூரில் மறுபடியும் தர்ணா, இம்முறை 53 நாள். அதன் முடிவில் நடந்ததை நம்புவது கடினம். நகல் பெறும் உரிமை பல மாதங்களுக்கு முன்பே, 1996 டிசம்பரிலேயே அரசிதழில் வெளியிடப்பட்டுவிட்டது என்று துணை முதல்வர் அறிவித்தார். தகவல் உரிமை குறித்த தகவலே மக்களுக்குத் தெரிவிக்கப்படாமல் கோப்பில் இருந்திருக்கிறது!

இதே 1997-ல் தமிழ்நாடு, நாட்டிலேயே முதல் மாநிலமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். அதைக் கேட்டுப் போராடிய மக்கள் கூட்டமும் இங்கே இல்லை. அதனால் அது பெரிதாகப் பயன்படாமலே போனது. ராஜஸ்தான் சட்டம் 2000-ல் வந்தது. 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவு, நூறு நாள் வேலையின் கணக்கைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. கோட் கிரானாவின் பந்தல் அப்படித்தான் சட்டப் புத்தகத்துக்குள் வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சில ஊராட்சித் தலைவர்கள் கூட்டத்திலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. பெரும்பாலான இடங்களில் தண்டனை என்ற பேச்சே எழவில்லை. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில், வேலை உறுதித் திட்டப் பணிகளுக்குச் சமூகத் தணிக்கை நடக்கவிருந்த நேரத்தில், அதில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். தகவல் கேட்டதற்காக உயிரிழந்தோர் இன்னும் பலர்.

பெயர்கள் மறைக்கப்பட்டால்

இப்போது புதிதாக ஒரு கவலை எழுந்துள்ளது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றுகிறது. தனிநபர் தகவல் என்றாலும் பொதுப் பணியோடு தொடர்பு இருந்தால், அல்லது பொதுநலன் கருதி, தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே முன்பு இருந்தது. புதிய வாசகத்தில் அது இல்லை. தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடமுண்டு. மேற்சொன்ன ஜன் சுன்வாய் முறையை எண்ணிப் பாருங்கள். அது முழுக்க முழுக்கப் பெயர்களை உரக்க வாசிப்பதில்தான் நிற்கிறது. பெயர் இல்லாத மஸ்டர் ரோலை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? தனிநபர் அந்தரங்கம் பேணப்பட வேண்டியதே. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அரசுப் பணம் யார் பெயரில் போனது என்பது அந்தரங்கம் ஆகாது என்பதே நம் கருத்து. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. விண்ணப்பிப்போர் அதை எடுத்துக்காட்டி வாதிடலாம்.

நம் ஊரில் செய்ய விரும்புவோருக்கு

பல மஹல்லாக்களில் ஆண்டு வரவு செலவை ஜமாஅத்தார் முன்னிலையில் வாசிக்கும் வழக்கம் உண்டு. ஊராட்சிக் கணக்கையும் அப்படிக் கேட்கலாம் என்பது மட்டும் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் கிராம சபை நாட்களாகச் சேர்க்கப்பட்டுள்ளன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் பங்கேற்கலாம். வெறும் கையோடு போய்க் கேள்வி கேட்பதைவிட, முன்கூட்டியே ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு போவதே பலன் தரும்.

அதற்கு 6(1) பிரிவின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே நீதிமன்றக் கட்டண வில்லையாகவும் ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"ஊரில் நடக்கும் ஊழல் பற்றி விவரம் தருக" என்று எழுதினால் ஒன்றும் வராது. குறிப்பிட்ட ஒரு தெரு, ஒரு சாலை, ஒரு கால்வாய், ஓர் ஆண்டு என்று சுருக்கி, அதன் மதிப்பீடு, அளவைப் புத்தகம், பில்கள், முடிவுச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். 2(ஜே) பிரிவின்படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், போடப்பட்ட பொருளின் மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. இதைத் தனியாகச் செய்யாமல் தெருக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, தனித்தனியாகக் கையொப்பமிட்ட விண்ணப்பங்களாக அனுப்புவது நல்லது. ஒருவர் மீது மட்டும் அழுத்தம் வராது.