புதிய வெர்மீர், 1937

'தி பர்லிங்டன் மேகஸின்' லண்டனிலிருந்து வரும் ஒரு கலை மாத இதழ். 1903 மார்ச்சில் ஆரம்பித்தது, இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆரம்பித்தபோது அதன் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது: 'ஃபார் கானசர்ஸ்'. இந்தச் சொல்லைத் தமிழில் 'ரசிகர்' என்று போட்டால் போதாது. நகைக்கடையில் சில பெரியவர்கள் இருப்பார்கள் இல்லையா, உரைகல்லில் தேய்ப்பதற்கு முன்பே, கையில் வாங்கிய நொடியில் தங்கம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்கள். ஓவியத்துக்கு அப்படிப்பட்டவர்தான் கானசர். இங்கே உரைகல்லும் அவர் கண்தான்.

அந்தக் கண்ணுக்குப் பெரிய விலை இருந்தது. பழைய ஓவியங்கள் பலவற்றில் கையெழுத்தே கிடையாது. இத்தாலியில் மொரெல்லி என்பவர், மருத்துவம் படித்தவர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழி சொன்னார்: முகத்தைப் பார்க்காதே, காது மடலையும் விரல் நகத்தையும் பார், அங்கேதான் ஓவியன் யோசிக்காமல் தன் பழக்கத்தில் வரைந்திருப்பான். அவர் வழியில் வந்த பெர்னார்ட் பெரென்சன் ஒரு பெயரைச் சொன்னால் படத்தின் விலை பல மடங்கு ஏறும், மறுத்தால் இறங்கும். இதே பெரென்சன் பின்னால், 1912-இல், ஜோசப் டுவீன் என்ற பெரிய ஓவிய வியாபாரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். விற்பனை லாபத்தில் பங்கு. வெளியே யாருக்கும் தெரியாது.

பர்லிங்டனைத் தொடங்கியவர்களில் பெரென்சனும் உண்டு. கூடவே ராஜர் ஃப்ரை, ஹெர்பர்ட் ஹார்ன் முதலானவர்கள். இரண்டு வருடம் முன்பே, 1901-இல், சேகரிப்பாளர்களுக்கென்று 'தி கானசர்' என்று ஓர் இதழ் வந்துவிட்டது. பர்லிங்டன்காரர்களுக்கு வேண்டியது வேறு: ஆதாரத்தோடு எழுதுகிற, ஆராய்ச்சித் தரமுள்ள ஒரு பத்திரிகை. லட்சியம் சரி, காசுக்கு எங்கே போவது? முதல் வருடமே திவால் நிலைமை. வாசகர்களில் ஒரு பகுதி பணக்கார சேகரிப்பாளர்கள், விளம்பரம் தருபவர்களோ ஓவிய வியாபாரிகள். யாருடைய சரக்கை நடுநிலையாக எடைபோட வேண்டுமோ, அவர்கள் காசில்தான் தராசே வாங்க வேண்டும். அப்புறம் 1905-இல் ஃப்ரை பணம் திரட்ட அமெரிக்கா போனார். அங்கே ஜே. பி. மார்கனைச் சந்தித்ததில், அடுத்த வருடம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் ஓவியப் பொறுப்பாளர் வேலையே கிடைத்தது. அந்த வேலை போன விதமும் சுவாரசியமானது. மியூசியத்துக்காக ஃப்ரை பேசி வைத்திருந்த ஓர் ஃப்ரா ஆஞ்செலிகோ ஓவியத்தை, மியூசியத்தின் தலைவரான மார்கனே தன் சொந்த சேகரிப்புக்கு வாங்கிக்கொண்டார். ஃப்ரை தட்டிக் கேட்டார். 1910-இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடமே ஃப்ரை பர்லிங்டனின் ஆசிரியர்களில் ஒருவராகியிருந்தார்.

கதையை விட்டு ஒரு நிமிடம் விலகலாம். 1913 ஜனவரி இதழில் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரை ஒன்று இருக்கிறது, இந்தியச் சிற்பங்களின் பல கைகளைப் பற்றி. வின்சென்ட் ஸ்மித் போன்றவர்கள் அவற்றைக் கோரம் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். கைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு சிற்பம் கலையா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய் வாதாடினார் குமாரசுவாமி. இதழ் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது. வெறும் விலைப்பட்டியல் பத்திரிகை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் 1937 இன்னும் வலிக்கிறது.

அந்த வருடம் நவம்பர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. தலைப்பு, 'ஒரு புதிய வெர்மீர்'. எழுதியவர் ஆபிரகாம் பிரெடியஸ், வயது 82, மொனாகோவில் ஓய்வில் இருந்தவர். ஹாலந்தின் மௌரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்துக்கு 20 வருடம் இயக்குநராக இருந்தவர். டச்சு ஓவியம் என்றால் அவர் சொல்தான் கடைசிச் சொல். உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு என்ற ஊரில் சீடர்களோடு அமர்ந்து அப்பத்தைப் பிட்கும் காட்சி. இது வெர்மீர் வரைந்தது, அதுவும் அவர் படங்களிலேயே தலைசிறந்தது என்று அறிவித்தார் பிரெடியஸ். உலகத்தில் வெர்மீர் ஓவியங்கள் 40-கூடத் தேறாது. ரோட்டர்டாமின் போய்மன்ஸ் மியூசியம் 5 லட்சம் கில்டருக்கும் மேல் கொடுத்து வாங்கியது.

வரைந்தது ஹான் வான் மீகரன். அப்போது உயிரோடு, தெற்கு பிரான்ஸில் வசித்துக்கொண்டிருந்தார்.

செய்நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டுப் பழைய படம் ஒன்றை வாங்கிச் சுரண்டி, அதே துணியில் வரைந்திருக்கிறார். நீலத்துக்கு வெர்மீர் பயன்படுத்திய அதே லாபிஸ் லசூலி. எண்ணெய் வண்ணம் முழுசாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். புது வண்ணம் என்றால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சைத் தேய்த்ததும் கரைந்து வரும். அதற்கு மனிதர் கண்டுபிடித்த வழி, வண்ணத்தில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு கலப்பது. அதாவது பேக்கலைட், பழைய கறுப்பு டெலிபோனும் ஸ்விட்சும் செய்த அதே பிளாஸ்டிக். கலந்து வரைந்து அடுப்பில் வைத்துச் சுட்டார். கல்லாக இறுகிவிட்டது. படத்தை உருளையில் சுருட்டி வெடிப்பு உண்டாக்கி, அதற்குள் மையைத் தேய்த்து முன்னூறு வருட அழுக்கையும் கொண்டுவந்தார்.

ஆனால் பிரெடியஸ் ஏமாந்தது பேக்கலைட்டினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. வெர்மீரின் மதம் சார்ந்த ஆரம்பகாலப் படம் ஒன்று, மார்த்தா மரியாள் வீட்டில் இயேசு, 1901-இல் அடையாளம் காணப்பட்டபோது அதில் பிரெடியஸுக்குப் பெரிய பங்கு. வெர்மீர் இத்தாலிய பாணியில் இன்னும் மதப் படங்கள் வரைந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சிலர் காத்திருந்தார்கள். வான் மீகரன் அந்தக் காலி இடத்தின் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார். எங்கள் வேலையில் இது தினசரி நடப்பது. நமக்குப் பிடித்த டிசைனுக்குப் பொருந்தி வரும் கோடை ரிவ்யூவில் யாரும் வரி வரியாகப் படிப்பதில்லை, அதுவும் டீமின் சீனியர் ஏற்கெனவே ஓகே போட்டிருந்தால். அன்றைக்குப் பர்லிங்டன் ஆசிரியர் ஹெர்பர்ட் ரீட். நவீன கலையின் பெரிய வக்கீல், சாமானியர் இல்லை. ஆனால் 82 வயது பிரெடியஸிடம் போய் "சார், ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா?" என்று யார் கேட்பது?

கசப்பான பகுதி இனிமேல்தான். கட்டுரை வருவதற்கு முந்தைய மாதமே டுவீன் கம்பெனி ஆள் ஒருவர் பாரிஸில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது மோசமான போலி என்று நியூயார்க்குக்குத் தந்தி அடித்துவிட்டார். பெரென்சனோடு ரகசிய ஒப்பந்தம் போட்ட அதே டுவீன் கம்பெனி. சொந்தக் காசைப் போடப்போகிறவன் கண் சரியாகப் பார்த்தது. பார்த்தது வியாபார ரகசியமாகவே உள்ளே இருந்துவிட்டது. காசை மீறி உண்மை சொல்ல என்று தொடங்கிய பத்திரிகை பொய்யை அச்சிட்டது.

வெளியே வந்ததும் எந்த நிபுணராலும் அல்ல. வான் மீகரனின் இன்னொரு 'வெர்மீர்' நாஜி தளபதி கோரிங்கின் கைக்குப் போயிருந்தது. போர் முடிந்து, 1945 மே மாதம், தேசச் சொத்தை எதிரிக்கு விற்றதாக அவரைக் கைது செய்தார்கள். தலை தப்ப வேண்டுமே, "நான்தான் வரைந்தேன்" என்றார். யாரும் நம்பவில்லை. அதிகாரிகளின் கண் முன்னால் இன்னொரு 'வெர்மீர்' வரைந்து காட்ட வேண்டியிருந்தது. பிறகு பெல்ஜிய வேதியியல் நிபுணர் பால் கோர்மன்ஸ் தலைமையிலான குழு வண்ணத்தைச் சோதித்து ஃபீனால் ஃபார்மால்டிஹைடைக் கண்டுபிடித்தது. 1947 நவம்பரில் ஒரு வருடச் சிறைத்தண்டனை. அனுபவிக்கவில்லை, டிசம்பர் 30 அன்று இறந்துபோனார். பிரெடியஸ் 1946-லேயே போய்விட்டார்.

1947-இல் பர்லிங்டனுக்குப் புது ஆசிரியர் வந்தார், பெனடிக்ட் நிக்கல்சன். 1978 வரை அவர்தான். 1948-இலிருந்து அட்டையில் 'ஃபார் கானசர்ஸ்' இல்லை, வெறும் 'தி பர்லிங்டன் மேகஸின்'. வான் மீகரன் தீர்ப்புக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம்.

எம்மாவுப் படம் இன்றும் போய்மன்ஸ் மியூசியத்திடம்தான் இருக்கிறது, வான் மீகரன் பெயரில். இப்போது பார்த்தால் அந்தக் கனத்த இமைகளும் சோக முகமும் நேராக 1930-களின் சினிமாவிலிருந்து இறங்கி வந்தவை போல இருக்கின்றன. அன்றைக்கு அது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம், எல்லோரும் அதே முகங்களைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரெடியஸின் கட்டுரை இதழின் 71-ஆம் தொகுதியில் அப்படியே இருக்கிறது. வெர்மீரைப் பற்றி எழுதுபவர்களைவிட, போலிகளைப் பற்றி எழுதுபவர்கள்தான் இப்போது அதை அதிகம் புரட்டுகிறார்கள்.