குருதி ஓடிய திசை: முடியுருநாடிப் பிறழ்வொன்றின் சத்திரசிகிச்சை வரலாறு

மருத்துவ வரலாற்றை எழுதுவோர், அதன் முன்னேற்றத்துக்குக் கருவிகளின் வளர்ச்சியையே பெரும்பாலும் காரணமாகக் கூறுவர். ஆயின், கைத்திறன் வாய்த்திருந்தும் ஒரு வினாவுக்குப் பிழையான விடை கொள்ளப்பட்டமையாற் சிகிச்சை வழிதவறிய சந்தர்ப்பங்களும் உள. இதயத்தசைக்குக் குருதியூட்டும் இடது முடியுருநாடி, பெருநாடியிலிருந்து கிளைப்பதற்குப் பதிலாக நுரையீரல் நாடியிலிருந்து கிளைக்கும் பிறவிக் குறைபாட்டின் வரலாறு அத்தகையது. ஏறத்தாழ 300,000 பிறப்புகளுக்கு ஒன்றாகக் காணப்படும் இக்குறைபாடு சிகிச்சையின்றி விடப்படின், பத்துக் குழந்தைகளுள் ஒன்பது ஓராண்டு நிறையுமுன் இறக்கும்.

1885ஆம் ஆண்டில் டப்ளின் நகரின் உடற்கூற்றியலாளர் புறூக்ஸ், முடியுருநாடியொன்று நுரையீரல் நாடியிலிருந்து புறப்படும் இரு இதயங்களை விவரித்தார். நாடிகள் மிகையாகப் பருத்து முறுகிக் கிடந்தமையைக் கண்ட அவர், பிறழ்நாடியிற் குருதி நுரையீரல் நாடியை நோக்கிப் பின்முகமாக ஓடியிருத்தல் வேண்டுமென அனுமானித்தார். இறந்த உடலைக்கொண்டு உயிர்க்குருதியின் திசையைக் கணித்த இவ்வனுமானம் வியக்கத்தக்கது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது சிகிச்சைக்குப் பயன்படாது கிடந்தமை அதனினும் வியப்புக்குரியது.

1911இல் ருசிய நோயியலறிஞர் அபிறிக்கோசொவ், ஐந்து மாதக் குழந்தையொன்றின் இதயத்தில் இடது முடியுருநாடியின் இப்பிறழ்வை எடுத்துக்காட்டினார். எனினும், உயிருள்ள குழந்தையிடம் நோயை ஐயுறுதற்கு வழிசெய்தது, பொஸ்ரன் நகரின் மசச்சூசெற்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த பிளாண்ட், வைற், கார்லண்ட் ஆகிய மூவர் 1933இல் வெளியிட்ட கட்டுரையே. அவர்கள் கண்ட குழந்தை, பிறந்து பத்து வாரமளவிற் புட்டிப்பால் அருந்தும்போதெல்லாம் மூச்சுத் திணறி, வெளிறி, வியர்த்து வருந்திற்று. மூன்று மாதமளவில் இறந்தது. முதியோருக்குப் படியேறுதல் எத்தகைய உழைப்போ, பச்சிளங் குழந்தைக்குப் பாலுறிஞ்சுதலும் அத்தகையதே. அவ்வேளை எழும் நெஞ்சுவலியை அழுகையாலன்றி வேறெதனால் அது உரைக்கும்?

இனி, பிழையான விடை யாதென நோக்கலாம். நுரையீரல் நாடியில் ஓடுவது ஒட்சிசன் குறைந்த குருதி. அக்குருதியையே பிறழ்நாடி இதயத்தசைக்குக் கொண்டு செல்கின்றது. தசை நலிவதற்குக் காரணம் அதுவே எனப் பலர் கருதினர். கேட்போர்க்கு இயல்பாகவே தோன்றும் விளக்கமிது. இதன்வழி 1950களில், பெருநாடியை நுரையீரல் நாடியோடு இணைத்து அங்கே செங்குருதி புகச் செய்தனர். நுரையீரல் நாடியைப் பட்டியிட்டு இறுக்கி அழுத்தத்தை உயர்த்தவும் முயன்றனர். பயன் சொற்பமே.

உண்மையில், கருப்பையில் இரு பெருங்குழாய்களின் அழுத்தமும் ஏறக்குறையச் சமமாயிருத்தலாற் குழந்தைக்கு இடரில்லை. பிறந்தபின், வாரங்கள் செல்ல, நுரையீரல் நாடியின் அழுத்தம் வீழ்கின்றது. அப்போது வலது முடியுருநாடியிலிருந்து இணைப்புக் கிளைகள் வழியாக இடது நாடியை அடையும் நற்குருதி, தசைக்குப் பயன்படாது, அழுத்தங் குறைந்த நுரையீரல் நாடிக்குள் வழிந்தோடி விடுகின்றது. மடையுடைந்த வாய்க்காலின் நிலையே இது. இணைப்புக் கிளைகள் செழித்தோர் சிலர் முதிர்பருவம் வரை வாழ்வதும் இதனால் விளங்கும்.

1958இல் நோயியலறிஞர் ஜெசி எட்வேட்ஸ் இப்பின்னோட்டத்தை மீண்டும் வலியுறுத்தினார். பால்ரிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் டேவிட் சபிஸ்ரன், கதறின் நீல், ஹெலன் ரோசிக் ஆகியோர் 1960இல் வெளியிட்ட ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. சத்திரசிகிச்சையின்போது பிறழ்நாடியின் தோற்றுவாயைச் சற்று அடைத்துப் பார்த்தபொழுது, நாடியினுள் அழுத்தம் உயர்ந்தது. அதனுள் இருந்தது ஒட்சிசன் நிறைந்த குருதி. எனவே அத்தோற்றுவாயைக் கட்டிவிடுதலே சிகிச்சையாயிற்று. குருதியின்றி வாடும் இதயத்தைக் காக்க அதன் நாடியொன்றையே கட்டுவது, திசையை அறியாதார்க்குக் கொடுமையாகவே தோன்றியிருக்கும்.

ஆயினும் கட்டுதல் முழுத்தீர்வன்று. இதயம் முழுவதும் ஒற்றை நாடியையே நம்பி நின்றமையாற் பிற்காலத் திடீர் மரணங்களும் நேர்ந்தன. ஆகவே இரு நாடிகளையும் மீட்கும் வழி தேடப்பட்டது. 1966இல் ஹூஸ்ரனில் டென்ரன் கூலி குழுவினர் பெருநாடியிலிருந்து ஒட்டுக்குழாய் இணைக்கும் முறையை வெளியிட்டனர். 1974இல் நெச்செஸ் குழுவினர், பிறழ்நாடியைப் பெயர்த்துப் பெருநாடியிலேயே பொருத்தும் முறையை எடுத்துரைத்தனர். 1979இல் ஜப்பானியரான தகேயுச்சி, நுரையீரல் நாடியின் சுவரைக்கொண்டே அதனுள் ஒரு சுரங்கம் அமைத்துப் பெருநாடிக் குருதியைப் பிறழ்நாடிக்குச் செலுத்தினார். இவற்றுட் பெயர்த்துப் பொருத்தலே இன்று பெரிதும் விரும்பப்படுவது. அவ்வாறு செய்யப்பட்டபின், செயலற்றதெனக் கருதப்பட்ட இடது இதயவறைத் தசை மாதக்கணக்கிற் படிப்படியாக மீண்டும் சுருங்கத் தொடங்குகின்றது. நாடியைக் கட்டிய காலத்திற் பிழைத்து வளர்ந்தோருட் சிலருக்கோ, இரண்டாம் நாடியை அமைப்பதற்காக முதிர்ந்த வயதில் மீண்டும் நெஞ்சைத் திறக்கவேண்டியதாயிற்று.