சினைப் பன்றிக்குக் கூண்டா, கூட்டமா?

பாரிட் புந்தாரிலிருந்து கிரியான் ஆற்றைக் கடந்து வடக்கே போனால் செபராங் பிறை தெற்கு. அங்கே வால்டோர் வட்டாரம் பன்றிப் பண்ணைகளுக்குப் பேர்போனது.

பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். கூண்டு முறையில் தாய்ப் பன்றி சுமார் 60 சென்டிமீட்டர் அகலக் கம்பிகளுக்குள் நிற்கும், படுக்கும், திரும்ப முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரி 1 முதல் இதைக் கட்டுப்படுத்தியது. இனச்சேர்க்கைக்கு 4 வாரத்திற்குப் பின், ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை பன்றிகளைக் கூட்டமாகவே வைக்க வேண்டும். வளர்ந்த பன்றி ஒன்றுக்குப் பொதுவாக 2.25 சதுர மீட்டர் இடம் தேவை.

நடமாடும் பன்றிக்குத் தசையும் எலும்பும் உறுதிப்படும். கம்பியைக் கடித்துக்கொண்டே நிற்பது குறையும். செலவு கூடுமே என்றுதான் பண்ணைக்காரர்கள் தயங்குவார்கள். ஆனால், அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், படுக்கை பரப்பிய எளிய கொட்டகையில் கூட்டமாக வளர்த்தபோது, பால்குடி மறந்த குட்டி ஒன்றுக்கான செலவு கூண்டு முறையைவிட 11 விழுக்காடு குறைந்தது. கொட்டகை கட்ட ஆகும் செலவு குறைவு என்பது ஒரு காரணம்.

கிரியான் நெல் விளையும் பூமி, வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. என்றாலும் நம் வெயிலுக்குத் தடித்த வைக்கோல் படுக்கை சூட்டைக் கூட்டும். காற்றோட்டமும் தண்ணீர்த் தெளிப்பும் இல்லாமல் சரிவராது.

உண்மையான சிக்கல் தீவன வேளையில்தான். புதிதாகச் சேர்ந்த பன்றிகள் முதல் ஓரிரு நாள் சண்டையிடும். வலுத்தது தின்றுவிடும், இளையது மெலியும். ஒவ்வொன்றுக்கும் தனித் தீவனத் தடுப்பு வேண்டும். தொழிலாளி தினமும் உள்ளே இறங்கி, நொண்டுவதையும் மெலிந்ததையும் கண்டு பிரித்து வைக்க வேண்டும்.