பேனாவின் பெயரும் நிப்பின் குணமும்

எழுதுகிறவர்கள் நால்வர் கூடும் இடத்தில் பேனாவைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. எழுந்தால், பெரும்பாலும் அது நிறுவனப் பெயர்களின் சண்டையாகவே முடிகிறது. ஒருவருக்குப் பார்க்கரை விட்டால் வேறில்லை. இன்னொருவர் ஷீஃபர் கட்சி. மூன்றாமவர் பள்ளி நாட்களில் வைத்திருந்த ஹீரோவை இன்றுவரை விட்டுக்கொடுப்பதில்லை. எங்கள் குழுவிலும் இந்தச் சண்டை பலமுறை நடந்திருக்கிறது. பெயர்களை எடைபோடுவதற்கு முன், ஒவ்வொரு பெயரும் எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது என்று வரலாற்றில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இக்கட்டுரை அதன் விளைவு.

பேனா என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழி வழியாக நம்மிடம் வந்தது. அதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு இறகு என்று பொருள். இறகானாலும் அதன்பின் வந்த எஃகு முள்ளானாலும், மைக்கூட்டில் தொட்டுத் தொட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. மையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பேனாவுக்கு ருமேனியரான பெத்ராகே பொயெனாரு 1827இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாக அத்தகைய பேனாக்களை நம்பிச் சட்டைப்பையில் வைக்க முடியவில்லை. காரணம் எளியது. மையை உள்ளே அடைப்பது கடினமன்று. அளவாக வெளியே விடுவதே கடினம். வெளியேறும் மையின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே செல்ல வேண்டும். செல்லாவிட்டால் எழுத்து பாதியில் நிற்கும். மிகுதியாகச் சென்றால் மை தாளில் கொட்டும்.

இந்தச் சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு தந்தவர்களுள் முதன்மையானவர் நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் எட்சன் வாட்டர்மேன். 1884இல் அவர் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி, நிப்பின் அடியில் பொருந்தியிருக்கும் பகுதி. நம் ஊரில் அதை நாக்கு என்றும் கட்டை என்றும் அழைத்தோம். அதில் மிக நுண்ணிய பள்ளங்களை வெட்டியதன் மூலம் மையும் காற்றும் ஒன்றையொன்று தடுக்காமல் எதிரெதிராகச் செல்ல அவர் வழி செய்தார். காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்றில் மை கொட்டி வாடிக்கையாளரை இழந்ததால்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. பிற்கால விளம்பரங்கள் வளர்த்தெடுத்த அக்கதைக்கு உரிய சான்று இல்லை என்று பேனா வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர்.

வாட்டர்மேனுக்குப் பின் வந்தவர்கள் அவர் விட்டுவைத்த குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஜேன்ஸ்வில்லில் தந்தி கற்பித்துவந்த ஜார்ஜ் பார்க்கர், தாம் விற்ற பேனாக்களைப் பழுதுபார்த்தே தொழிலைக் கற்று, 1888இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பேனாவைச் சட்டைப்பையில் நிமிர்த்தி வைக்கும்போது நாக்கில் தங்கும் மை மீண்டும் உள்ளே வடிந்துவிட வேண்டும் என்பதற்காக, 1894இல் அவர் நாக்கின் பின்முனையை வளைத்தார். அயோவா மாநிலத்து நகை வணிகரான வால்டர் ஷீஃபர், நெம்புகோலைத் தூக்கி இறக்கினால் மை தானாக ஏறும் முறைக்கு 1908இல் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியின் பெலிக்கன் அடிப்படையில் மைத் தொழிற்சாலை. 1929இல் அது வெளியிட்ட முதல் பேனா, பின்புறத்தைத் திருகினால் உள்ளிருக்கும் உந்துதண்டு மையை இழுத்துக்கொள்ளும் முறையில் அமைந்தது. உள்ளே ரப்பர் பை இல்லாததால் உடல் முழுவதும் மைக்கே இடமாயிற்று.

அடுத்த சிக்கல் மை காய்வது. விரைவில் காயும் மை தாளுக்கு நல்லது. ஆனால் அதே மை நிப்பிலும் காய்ந்துவிடும். 1941இல் சந்தைக்கு வந்த பார்க்கர் 51 இதற்காகவே நிப்பை முக்காடிட்டு மறைத்தது. நுனி மட்டுமே வெளியே தெரியும். எழுதுவதை நிறுத்திச் சற்றே சிந்தித்துவிட்டுத் தொடர்ந்தாலும் முதல் எழுத்து தவறாமல் விழும். ஆனால் அந்த நம்பகத்துக்கு ஒரு விலை இருந்தது. மறைந்த நிப்பு விறைப்பானது. அழுத்தினால் தடித்தும் தளர்த்தினால் மெலிந்தும் ஓடிய பழைய எழுத்தின் ஏற்ற இறக்கம் அதில் இல்லை. சீனத்தின் ஹீரோ 1950களின் இறுதியில் தனக்கு இலக்காக அறிவித்ததும் பார்க்கரைத்தான். நம் மாணவர்கள் கைகளில் புழங்கிய ஹீரோ 616இன் தோற்றத்திலேயே அந்த மரபு தெரியும்.

இவ்விடத்தில் தங்க நிப்பு பற்றியும் ஒரு சொல். தங்க நிப்பு வழவழப்பாக எழுதும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. உண்மையில் தாளைத் தொடுவது தங்கமன்று. நுனியில் ஒட்டவைக்கப்பட்டிருக்கும் மிகக் கடினமான உலோகக் கலவைத் துளிதான் தாளில் உராய்கிறது. பேச்சுவழக்கில் அதை இரிடியம் என்கிறோம். தங்கத்தை நாடியதற்கு முதற்காரணம், அக்கால மைகளின் அமிலம் எஃகை அரித்தது. துருப்பிடிக்காத எஃகு வந்தபின் அக்காரணம் வலுவிழந்தது. தங்கம் சற்று வளைந்து கொடுக்கும் என்பது உண்மை. ஆயினும் வழவழப்பைத் தீர்மானிப்பது நுனியைத் தீட்டிய கை. நன்கு தீட்டிய எஃகு நிப்பு, சரியாகத் தீட்டாத தங்க நிப்பை எளிதில் தோற்கடிக்கும்.

தீட்டுதல் என்றதும் ஜப்பானைப் பேசியாக வேண்டும். செய்லர் 1911இலும், பைலட் 1918இலும், பிளாட்டினம் 1919இலும் தொடங்கியவை. மேலை நாட்டு நிப்புகளோடு ஒப்பிட்டால், ஒரே அளவு குறிக்கப்பட்டிருந்தாலும் ஜப்பானிய நிப்பின் கோடு பொதுவாக மெலிந்திருக்கும். கஞ்சி எழுத்து ஒன்றில் பத்து, பதினைந்து கோடுகள் ஒரு சிறு கட்டத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டும்; தடித்த கோட்டில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். இலத்தீன் எழுத்துகளைத் தொடர்ச்சியாகச் சேர்த்தெழுதும் கைக்கோ தடித்து, ஈரமாக ஓடும் நிப்பே உகந்தது. பெலிக்கனின் தாராளமான மையோட்டமும், செய்லர் தாளில் தரும் பென்சில் போன்ற மெல்லிய உராய்வும் இவ்வாறு இரு வேறு எழுத்துப் பழக்கங்களுக்கு ஒத்து வருகின்றன. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது. எந்த எழுத்துக்கு என்று கேட்டால்தான் கிடைக்கும்.

அப்படியானால் தமிழுக்கு? தமிழ் எழுத்தின் வளைவுகளுக்குப் பனையோலையைக் காரணமாகச் சொல்வர். நேர்க்கோடுகள் ஓலையை நாரோட்டத்தில் கிழித்துவிடும் என்பதால் எழுத்தாணி வளைந்து சென்றது என்பது பொதுவான விளக்கம். தாளுக்கு வந்தபின்னும் அவ்வளைவுகள் நிலைத்தன. ண, ணை, ஞ, கூ போன்றவற்றை எழுதும்போது நிப்பு இழுக்கப்படுவதோடு தள்ளவும் படுகிறது. சுற்றிக்கொண்டு வந்த இடத்துக்கே திரும்புகிறது. ஆகவே நமக்கு வேண்டிய நிப்பு, எல்லாத் திசையிலும் ஒரே சீராக ஓடவேண்டும். சுழியின் உட்புறம் மையால் அடைபடாத அளவு மெலிந்திருக்கவும் வேண்டும். எங்கள் அனுபவத்தில் ஜப்பானிய நடுத்தர நிப்பும், மேலை நாட்டு மெல்லிய நிப்பும் இதற்கு ஏறத்தாழ ஒத்துவருகின்றன. ஆனால் இவை வேறு எழுத்துகளுக்காகத் தீட்டப்பட்டு, தற்செயலாக நமக்கும் பொருந்தியவை.

நமக்கென்று செய்தவர்கள் இல்லாமல் இல்லை. காந்தியின் சுதேசி வேண்டுகோளை ஏற்று, ராஜமந்திரியில் கே. வி. ரத்னம் 1930களின் தொடக்கத்தில் பேனா செய்யத் தொடங்கினார். அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுகிறது என்று காந்தி 1935 ஜூலையில் அவருக்குக் கடிதம் எழுதினார். சென்னைப் பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ, திருவள்ளூரின் ரங்கா ஆகியோரும் எபொனைட் என்னும் கெட்டி ரப்பரைக் கடைசலில் ஏற்றிக் கையால் பேனா செய்து பெயர் பெற்றவர்கள். எபொனைட் நாக்கு பிளாஸ்டிக்கை விட மையை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அதனால் ஓட்டம் சீராக இருக்கும். கழுத்தைத் திருகி ஃபில்லரால் மை ஊற்றும் நம் பேனாக்களில் குறை ஒன்றுண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கையின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஒரு சொட்டைத் தாளில் தள்ளிவிடும். தேர்வறையில் அந்தச் சொட்டுக்கு அஞ்சியவர்கள் எங்களுள் பலர்.

சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்பெற்ற சாத்தூர் ஒரு காலத்தில் நிப்புக்கும் பெயர்பெற்றிருந்தது. அங்கே நிப்பு செய்வது குடிசைத் தொழில். தகட்டை வெட்டி, வளைத்து, பிளந்து, தேய்த்து மலிவு விலையில் அனுப்பினார்கள். பேனாவில் தேய்ந்தது நிப்பு என்றால் நிப்பை மட்டும் மாற்றிக்கொண்டோம். கடைக்காரர் அதைப் பொருத்தி, பிளவைச் சற்றே அகட்டி, நம்மை எழுதிப் பார்க்கச் சொல்லி, மீண்டும் தேய்த்துத் தருவார். தமிழ்க் கைக்காக நிப்பு தீட்டப்பட்ட இடம் அந்தக் கடையின் பலகைதான். 1945 அக்டோபரில் நியூயார்க் அங்காடியொன்றில் பன்னிரண்டரை டாலருக்கு விற்பனைக்கு வந்த பந்துமுனைப் பேனா, பின்னாளில் சில ரூபாய்க்கு நம் பெட்டிக்கடைக்கே வந்தபோது, சாத்தூரின் பட்டறைகளும் அந்தப் பலகைகளும் ஒன்றாகவே தளர்ந்தன.

பெயர்களோ கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருகாலத்தில் கடும் போட்டியாளர்களாயிருந்த பார்க்கரும் வாட்டர்மேனும் பின்னர் ஒரே அமெரிக்க நிறுவனத்தின் கீழ் வந்தன. ஷீஃபரை 2022இல் பெங்களூரைச் சேர்ந்த வில்லியம் பென் நிறுவனம் வாங்கியது. மூடியில் பொறித்த பெயர், நிப்பைத் தீட்டிய கையின் முகவரியாக இருந்த காலம் போய்விட்டது.

எனவே, எது சிறந்த பேனா என்ற எங்கள் சண்டைக்கு நாங்கள் கண்ட முடிவு இதுதான். அடிக்கடி பயணம் செய்து, விட்டுவிட்டு எழுதுகிறவருக்குப் பார்க்கர் 51இன் வழிவந்த மறைநிப்பு. ஒரே அமர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு உந்துதண்டுப் பேனா. நுணுக்கமாக, சிறிதாக எழுதுகிறவருக்கு ஜப்பானிய நிப்பு. தம் கைக்கேற்பத் தீட்டித் தர ஆள் கிடைக்கும் பேறு பெற்றவருக்கு, நம் ஊர் எபொனைட் பேனாவுக்கு மேல் ஒன்றில்லை. கடையில் பேனாவைச் சோதிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறோம். அல்லது வெறுமனே கிறுக்குகிறோம். அடுத்த முறை 'கண்ணாடி' என்றோ 'ஞாயிற்றுக்கிழமை' என்றோ எழுதிப் பாருங்கள். சுழிகள் திறந்திருந்தால், எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் அது உங்கள் பேனா.