ராஜலட்சுமி, டி. பி.

டி. பி. ராஜலட்சுமி (1911–1964) நாடக மேடையில் வளர்ந்து, தமிழின் முதல் பேசும்படத்தில் கதாநாயகியாகி, பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கிப் படம் எடுத்தவர். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர்.

திருவையாற்றில் பஞ்சாபகேச சாஸ்திரி என்னும் கணக்குப்பிள்ளையின் மகளாகப் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே நடந்த திருமணம் நிலைக்கவில்லை. தந்தையும் காலமாகவே, தாயும் மகளும் திருச்சிக்கு வந்தனர். அங்கே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிபாரிசில் ராஜலட்சுமி சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய பாய்ஸ் கம்பெனிகள் கோலோச்சிய காலம் அது. பிராமணக் குடும்பத்துப் பெண் ஸ்திரீபார்ட்டாக, அதாவது நாயகி வேடத்தில், மேடையேறியதை ஊர் எளிதில் மன்னிக்கவில்லை.

அவர் நடித்த ஸ்பெஷல் நாடகங்களில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேரும் நடிகர்கள் அன்றிரவே மேடையேறுவார்கள். கதையும் பாட்டும் அனைவருக்கும் மனப்பாடம். நாயக வேடக்காரரான ராஜபார்ட் பாட்டில் மடக்கினால் ஸ்திரீபார்ட் பாட்டாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் எட்ட வேண்டும், விடியும்வரை தாங்கவும் வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா போன்ற பெரும் பாடகர்களுக்கு ஈடுகொடுத்து ராஜலட்சுமி நடித்தார். இந்தப் பயிற்சிதான் பிற்காலத்தில் அவரைப் பேசும்படத்துக்குத் தகுதியாக்கியது. மௌனப்படங்களில் நடித்த அனுபவம் அதற்கு அடுத்ததே.

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தை எச். எம். ரெட்டி இயக்கினார். பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி தயாரித்தது. நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கு பேச, நாயகி ராஜலட்சுமி தமிழ் பேசினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய, கதையோடு ஒட்டாத தேசியப் பாடல்களும் இருந்தன. மேடை ரசிகருக்கு அது புதிதல்ல. படச்சுருள் சென்னை வந்திறங்கியபோது மக்கள் பூவும் தேங்காயும் கற்பூரமுமாக வரவேற்று, வால்டாக்ஸ் சாலை வழியாக கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரை ஊர்வலமாகச் சென்றனர். படம் அக்டோபர் 31 அன்று வெளியானது. அவர் நடித்து 1933-இல் வந்த ‘வள்ளி திருமணம்’ நல்ல வசூலைத் தந்தது. ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் நிலைத்தது.

ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்ற நிறுவனம் தொடங்கி, தாமே எழுதிய ‘கமலவல்லி’ நாவலை ‘மிஸ் கமலா’ (1936) என்ற பெயரில் தயாரித்து, இயக்கி, நடித்தார். காதலித்தவன் ஒருவன், கட்டிவைக்கப்பட்டவன் வேறொருவன் என்ற பெண்ணின் கதை அது. புராணப் படமே நம்பிக்கையான வியாபாரமாக இருந்த நாளில் இது துணிச்சலான முதலீடு. பின்னர் ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கினார். சொந்தத் தயாரிப்பில் பணம் கரைந்தது. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் யசோதையாக நடித்தார். பிற்காலத்தில் வாய்ப்புகள் குறைந்தன. கலைமாமணி விருது பெற்றவர். ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ இரண்டின் பிரதிகளும் இன்று கிடைக்கவில்லை.