கொப்பரையும் கலால் வரியும்: இங்கிலாந்தில் வீட்டு மதுவின் வரலாறு

இடைக்கால இங்கிலாந்தில் மது காய்ச்சுவது, ரொட்டி சுடுவதையும் வெண்ணெய் கடைவதையும் போன்ற வீட்டு வேலை. அது பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது. அன்றாடம் குடித்த பானத்தின் பெயர் ஏல். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டைத் திரித்து வெந்நீரில் ஊறவைத்தால், அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி நீரில் இறங்கும். அந்த இனிப்பு நீரை வடித்து ஆறவைத்து, முந்தைய தடவை எடுத்து வைத்த ஈஸ்ட் நுரையில் கொஞ்சம் சேர்த்தால் பொங்கத் தொடங்கும். ஓரிரு நாளில் குடிக்கலாம். அதே நுரைதான் ரொட்டி மாவையும் உப்ப வைத்தது. ஆகவே மது காய்ச்சும் வீட்டில் ரொட்டிக்கும் குறைவில்லை.

ஏலின் பலவீனம் ஒன்றுதான். சில நாளிலேயே புளித்துவிடும். சேமித்து வைக்க முடியாது. வண்டியேற்றித் தூர ஊருக்கு அனுப்பவும் முடியாது. ஒரு கொப்பரை காய்ச்சினால் ஒரு குடும்பம் குடித்துத் தீர்ப்பதைவிட அதிகம் கிடைக்கும். மிஞ்சியதை அக்கம்பக்கத்துக்கு விற்பார்கள். அடுத்த வாரம் அந்தப் பக்கத்து வீட்டில் காய்ச்சும்போது இவர்கள் போய் வாங்குவார்கள். வீட்டுத் தேவைக்கும் வியாபாரத்துக்கும் நடுவே கோடு கிழிக்க முடியாத ஏற்பாடு இது. விற்பனைக்கு ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நீட்டி, அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டுவார்கள். ஊரின் ஏல் சோதகர் வந்து சுவைத்துப் பார்த்துத் தரத்தையும் அளவையும் சரிபார்ப்பார். தானிய விலை ஏறி இறங்குவதற்கேற்ப ரொட்டிக்கும் ஏலுக்கும் விலை நிர்ணயிக்கும் சட்டம் 1266-67 வாக்கில், மூன்றாம் ஹென்றி காலத்தில் வந்தது. அதை மீறியதாகப் பண்ணை நீதிமன்றங்களில் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் தவறாமல் அபராதம் விதித்தார்கள். பெயர்தான் அபராதம், நடைமுறையில் அது உரிமக் கட்டணம். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1556-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஏல் சோதகர் பதவி வகித்தவர்.

ஏல் காய்ச்சிய பெண்களின் வரலாற்றை அந்த அபராதப் பதிவேடுகளிலிருந்தே மீட்டெடுத்தவர் வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட். 1300 முதல் 1600 வரை இந்தத் தொழில் பெண்களிடமிருந்து ஆண்களிடம் போன கதையை அவர் 1996-இல் நூலாக எழுதினார். 1348-49-இன் கொள்ளைநோய்க்குப் பின் உயிர் பிழைத்தவர்களின் கூலி உயர்ந்தது, மது வாங்கிக் குடிக்கும் வசதி பலருக்கும் வந்தது, தொழில் பெருகியது. அடுத்து வந்தது ஹாப்ஸ். நெதர்லாந்துப் பகுதியிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டில் பரவிய இந்தக் கொடியின் பூ, பானத்துக்குக் கசப்பைத் தந்ததோடு அதைப் பல மாதம் கெடாமலும் காத்தது. 1520-களில் கென்ட் மாவட்டத்திலேயே ஹாப்ஸ் பயிராகத் தொடங்கியது. ஹாப்ஸ் சேர்த்த பானம்தான் பீர். கெடாத சரக்கைச் சேமிக்கலாம், கப்பலிலும் ஏற்றலாம். அதற்குப் பெரிய செப்புக் கொப்பரையும் நிறைய பீப்பாய்களும் முதலும் வேண்டும். கடன் வாங்கும் வழியோ, தொழிற்குழுவில் (கில்டு) முழு இடமோ இல்லாத பெண்களால் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை. கைத்திறனில் அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

நகரத்தில் தொழில் கைமாறினாலும் நாட்டுப்புற வீடுகளில் கொப்பரை அணையவில்லை. எஸ்ஸெக்ஸிலுள்ள ராட்விண்டர் ஊரின் பாதிரியார் வில்லியம் ஹாரிசன், 1577-இல் வெளிவந்து 1587-இல் விரிவாக்கப்பட்ட தம் இங்கிலாந்து விவரணையில், தம் மனைவி வேலைக்காரப் பெண்களோடு மாதம் ஒருமுறை பீர் காய்ச்சும் முறையை எழுதியிருக்கிறார். எட்டு புஷல் மால்ட்டை மில்லுக்கு அனுப்பாமல் வீட்டுத் திரிகையிலேயே அரைப்பார்கள். மில்காரருக்குத் தரும் பங்கு மிச்சம். அதோடு அரை புஷல் கோதுமை மாவும் அதே அளவு ஓட்ஸும் கலப்பார்கள். 80 கேலன் கொதிநீரை மெல்ல ஊற்றிக் கிளறாமல் விட்டுவிட்டு, வடித்தெடுத்தபின் அதே மால்ட்டில் மறுபடியும் மறுபடியும் நீர் விடுவார்கள். வடிநீரை ஹாப்ஸோடு கொதிக்க வைப்பார்கள். ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைத்து அதில் நறுமணப் பொடி சேர்ப்பார்கள்.

கணக்கையும் ஹாரிசன் பைசா சுத்தமாகத் தருகிறார். மால்ட் 10 ஷில்லிங், விறகு 4 ஷில்லிங், ஹாப்ஸ் 20 பென்ஸ், வாசனைப் பொருள் 2 பென்ஸ், வேலைக்காரர்களின் கூலியும் சாப்பாடும் 2 ஷில்லிங் 6 பென்ஸ், பாத்திரத் தேய்மானம் 20 பென்ஸ். ஆக மொத்தம் 20 ஷில்லிங். அதற்குக் கிடைத்தது மூன்று பெரிய பீப்பாய், 200 கேலனுக்கு மேல். கேலனுக்கு ஒரு பென்னியும் சொச்சமும்தான். ஆண்டுக்கு 40 பவுண்டு வருமானத்தில் குடும்பம் நடத்திய ஒருவருக்கு இது பெரிய சேமிப்பு. கணக்கில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு விறகுக்கே போகிறது. இன்னொன்று, எல்லாவற்றுக்கும் விலை போட்ட கணவர் மனைவியின் உழைப்புக்கு விலை போடவில்லை.

அடுத்த தலைமுறையில் ஜெர்வஸ் மார்க்கம் 1615-இல் எழுதிய 'ஆங்கில இல்லத்தரசி' நூல், சமையல், மருந்து, பால்பண்ணை ஆகியவற்றோடு மால்ட் தயாரிப்பையும் பீர் காய்ச்சுவதையும் குடும்பத் தலைவியின் கடமைகளில் வைத்தது. முதல் வடிநீரில் வலுவான பீர், கடைசி வடிநீரில் வேலையாட்களும் பிள்ளைகளும் குடிக்கும் நீர்த்த பீர் என்பது வழக்கம். கோடையில் பானம் கெடும் என்பதால் நீண்டநாள் வைக்கும் பீரை மார்ச்சிலும் அக்டோபரிலும் காய்ச்சினார்கள். எதுவும் வீணாகாது; சக்கை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனம். நார்ஃபோக்கில் வெஸ்டன் லாங்வில் ஊரின் பாதிரியார் ஜேம்ஸ் வுட்ஃபோர்டின் நாட்குறிப்பில் 1778 ஏப்ரல் 15-ஆம் தேதி, அவர் வலுவான பீர் ஒரு பீப்பாய் காய்ச்சிய செய்தியும், பழைய பீப்பாயின் வண்டலைக் குடித்த அவருடைய இரண்டு பெரிய பன்றிகள் நிற்க முடியாமல் விழுந்து கிடந்த செய்தியும் இருக்கின்றன.

பழ ஒயின் பரவியது சர்க்கரையோடு. இங்கிலாந்தின் குளிரில் திராட்சை நன்றாகப் பழுப்பது அரிது. நெல்லிக்காயை ஒத்த கூஸ்பெரி, கரண்ட், எல்டர் பழம், கவ்ஸ்லிப் பூ இவற்றில் இயற்கையாக உள்ள இனிப்பு மதுவாவதற்குப் போதாது; சர்க்கரை சேர்த்தே ஆக வேண்டும். கரீபியத் தீவுகளில் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டு விளைவித்த சர்க்கரை, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் விலை இறங்கி நடுத்தர வீடுகளுக்கும் வந்தது. மேசைமேல் வைத்த கவ்ஸ்லிப் ஒயினின் வரலாறு அந்தக் கரும்புத் தோட்டங்களில்தான் தொடங்குகிறது. 1747-இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் வீட்டு ஒயினுக்கும் பீருக்கும் ரொட்டிக்கும் சேர்த்து ஓர் அத்தியாயம் உண்டு. 1766-இல் வந்த கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டு பாதிரியார்' நாவலில் அந்தக் குடும்பம் பெயர் பெற்றதே கூஸ்பெரி ஒயினுக்காகத்தான். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கடிதத்தில், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் தளிர் சேர்த்த பீரை வீட்டில் காய்ச்சும் செய்தி வருகிறது.

மேற்கு மாவட்டங்களின் கதை வேறு. ஹெரிஃபோர்டு, சாமர்செட், டெவன் பகுதிகளில் பண்ணைதோறும் ஆப்பிள் தோப்பு இருந்தது. பார்லி இடத்தை ஆப்பிள் பிடித்தது; ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்த சைடர்தான் அங்கே பானம். ஹெரிஃபோர்டில் ஸ்கூடமோர் பிரபு வளர்த்துப் பரப்பிய ரெட்ஸ்ட்ரீக் என்ற ஆப்பிள் பதினேழாம் நூற்றாண்டில் புகழின் உச்சிக்குப் போனது. எழுத்தாளர் ஜான் ஈவ்லின் 1664-இல் சைடருக்கென்றே 'பொமோனா' என்ற பகுதியைத் தம் மரவளர்ப்பு நூலோடு சேர்த்து வெளியிட்டார். சைடருக்குக் கொப்பரையும் வேண்டாம், விறகும் வேண்டாம். நம்மூர்ச் செக்கைப் போல் குதிரை சுற்றிவர, வட்டமான கல்தொட்டியில் கல்சக்கரம் உருண்டு பழத்தை நசுக்கும். நசுங்கியதைக் குதிரைமயிர்த் துணியிலோ வைக்கோலிலோ அடுக்கடுக்காக மடித்துத் திருகு அழுத்தியில் பிழிவார்கள். சாற்றைப் பீப்பாயில் விட்டால், பழத்திலும் அழுத்தியிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டே குளிர்காலம் முழுக்க மெல்லப் புளிக்க வைத்து வசந்தத்தில் பானமாக்கிவிடும். சக்கையில் நீர் விட்டு மறுபடி பிழிந்தது எளியவர்களுக்கு.

இந்தப் பீப்பாய்மேல் அரசு கைவைத்தபோது ஊரே கொதித்தது. ஏழாண்டுப் போரின் கடனை அடைக்க, பியூட் பிரபுவின் அரசு 1763-இல் பீப்பாய்க்கு 4 ஷில்லிங் என்று சைடர் வரி விதித்தது. அது விற்பவரைத் தேடிப் போன வரி அல்ல. தயாரிப்பவரின் வாசலுக்கே வந்த வரி. கலால் அதிகாரி பண்ணைவீட்டுக்குள் நுழைந்து சோதிக்கலாம் என்ற நிலை வந்தது. மேற்கு மாவட்டங்களில் கலவரம் மூண்டது; அரசியல் தலைவர் மூத்த வில்லியம் பிட் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார்; 1766-இல் வரி விலக்கப்பட்டது.

மறுவருடம் டெவனுக்கு இன்னொரு அதிர்ச்சி. வயிற்றைப் பிசையும் கடுமையான வலி, மலச்சிக்கல், பிறகு கைகள் துவண்டுபோதல் என்று அங்கே நெடுங்காலமாக ஒரு நோய் இருந்தது. டெவன் வயிற்றுவலி என்றே அதற்குப் பெயர். சைடரின் புளிப்புதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். டெவனில் பிறந்த மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767-இல் ஓர் எளிய கேள்வி எழுப்பினார்: அப்படியானால் ஹெரிஃபோர்டில் ஏன் அந்த நோய் இல்லை? டெவனில் கல்தொட்டியின் துண்டுகளை ஈயம் காய்ச்சி ஊற்றி இணைத்தார்கள். அழுத்தியின் படுகைக்கும் ஈயத்தகடு பதித்தார்கள். ஹெரிஃபோர்டில் அந்த வழக்கம் இல்லை. கந்தகக் கரைசல் சேர்த்துச் சோதித்தபோது டெவன் சைடர் கருத்தது. ஹெரிஃபோர்டு சைடர் கருக்கவில்லை. ஆப்பிளின் அமிலம் ஈயத்தைக் கரைத்துக் குடிப்பவரின் உடம்புக்குள் சேர்த்திருக்கிறது. சொந்த மாவட்டத்தாரே அவர்மேல் சீறினார்கள். ஆனால் ஈயம் அகற்றப்பட அகற்றப்பட நோயும் மறைந்தது. வீட்டுப் பானங்களின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி இன்னொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

சைடர் கூலியாகவும் இருந்தது. பண்ணையாள் சின்ன மரக் குப்பியோடு வயலுக்குப் போவார். அதில் ஊற்றித் தரும் சைடர் சம்பளத்தில் ஒரு பகுதி. பணமாக வர வேண்டியது குடும்பத்துக்கு வராமல் வயலிலேயே தீர்ந்துபோன இந்த முறையை 1887-இன் சட்டம் தடுத்தது.

பீர் விஷயத்தில் வரி வேறு வழியில் வேலை செய்தது. விற்பனைக்குக் காய்ச்சியவர்தான் பீர் வரி கட்ட வேண்டும். வீட்டுக்குக் காய்ச்சினால் இல்லை. ஆனால் 1697-இல் மால்ட்டுக்கும் 1711-இல் ஹாப்ஸுக்கும் வரி வந்தபின் வீட்டுக் கொப்பரையும் தப்பவில்லை. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டதால் ஏழைகள் விறகு பொறுக்கும் உரிமையையும் இழந்தார்கள். ஹாரிசன் கணக்கில் விறகுக்குப் போன அந்த 4 ஷில்லிங் இங்கேதான் பொருள்படுகிறது. நாற்பது ஆண்டுக்கு முன் தம் ஊரில் பீர் காய்ச்சாத கூலியாளே இல்லை, இப்போது காய்ச்சுகிறவர் ஒருவரும் இல்லை என்று சசெக்ஸ் விவசாயி ஜான் எல்மன் 1821-இல் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தை எடுத்துக்கொண்டு பத்திரிகையாளர் வில்லியம் காபெட் தம் 'குடிசைப் பொருளாதாரம்' நூலைப் பீரிலிருந்தே தொடங்கினார். தேநீர் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று அவர் ஆவேசமாக வாதிட்டு, தேநீர்ச் செலவையும் பீர்ச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டார். தேநீர்மீது அவர் கொண்ட கோபம் மிகை. மால்ட் வரி பற்றி அவர் சொன்னது சரி.

1830-இல் பீர் வரி நீங்கியதும் கடைப் பீர் மலிந்தது. வீட்டில் காய்ச்சுவதால் கிடைத்த கடைசி லாபமும் போனது. 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பீர்மேலேயே வரி வைத்தார். அதோடு வீட்டுக்குக் காய்ச்சுகிறவரும் உரிமம் வாங்க வேண்டும் என்றாக்கினார். அதன்பின் வீட்டுப் பீர் ஒதுக்குப்புறங்களில்தான் எஞ்சியது. ஆக்ஸ்ஃபோர்டின் குவீன்ஸ் கல்லூரி 1939 வரை தன் சொந்தக் கொட்டிலில் காய்ச்சியது.

பழ ஒயினுக்கு உரிமம் தேவைப்படவில்லை. ஆகவே மறுமலர்ச்சி அங்கிருந்துதான் தொடங்கியது. போர்க்காலத்தில் வந்த சர்க்கரைப் பங்கீடு 1953-இல் நீங்கியதும் ஊர் ஊராக ஒயின் வட்டங்கள் முளைத்தன. ஆண்டோவர் ஊரின் பத்திரிகையாளர் சி. ஜே. ஜே. பெர்ரி இந்த ஆர்வலர்களுக்கென்று இதழ் நடத்தினார். அவருடைய 'ஒயின் தயாரிப்பில் முதல் படிகள்' பல பதிப்புகள் கண்டது. 1963 ஏப்ரலில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் தம் வரவுசெலவுத் திட்டத்தில் வீட்டுப் பீர் உரிமத்தை நீக்கினார். டப்பாவில் அடைத்த மால்ட் சாறு வந்தபின் பார்லியை ஊறவைக்கும் வேலையும் குறைந்தது. 1970-களில் பூட்ஸ் மருந்துக் கடைகளிலேயே பீர் தயாரிக்கும் பெட்டிகள் கிடைத்தன. வீட்டுப் பீர் ஆர்வலர் டேவ் லைன் 1974-இல் எழுதிய நூல், டப்பாச் சாற்றை விட்டு மறுபடி மால்ட்டிலிருந்தே காய்ச்சுவதற்கு வழிகாட்டியது.

1976-இல் சைடர்மேல் மீண்டும் வரி வந்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 லிட்டருக்குள் தயாரிக்கும் சிறு பண்ணைகளுக்கு விலக்கு தரப்பட்டது. மேற்கு மாவட்டங்களின் பண்ணைச் சைடர் இன்றும் கிடைப்பதற்கு அந்த விலக்கு பெரிய காரணம். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சும் பீருக்கும் ஒயினுக்கும் இப்போது உரிமமும் இல்லை, வரியும் இல்லை. விற்றால் இரண்டும் உண்டு. வாலையில் வடித்துச் சாராயம் எடுப்பது மட்டும் வீட்டு உபயோகத்துக்கும் உரிமமின்றிக் கூடாது.